ஆர்கானுக்குள் ஒரு மின்னல்!

புதுவைக் கடற்கரைச் சாலையில், காந்தி சிலை அருகே நின்று, ஒரு முறை மூச்சை நன்றாக இழுங்கள்.

உங்கள் நெஞ்சுக்குள் போன காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன். ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். உயிரைக் காப்பது அதுதான். மிச்சம் இருப்பது என்ன?

நூறில் ஏறக்குறைய ஒரு பங்கு, இன்னொரு வாயு. அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. அது எதனோடும் சேராது. மூச்சோடு உள்ளே போகும். சும்மா இருக்கும். திரும்பி வந்துவிடும்.

அதன் பெயர் ஆர்கான். கிரேக்க மொழியில் அதற்குச் "சோம்பேறி" என்று பொருள்!

இப்படி ஒரு வாயு காற்றில் ஒளிந்து கிடப்பது 1894-ம் ஆண்டு வரை உலகத்துக்குத் தெரியாது. காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், மற்றப் பொருள்களிலிருந்து எடுத்த நைட்ரஜனைவிட அரை சதவீதம் கனமாக இருந்தது. "அரை சதவீதம்தானே!" என்று விட்டுவிடாமல், ராலே, ராம்சே என்ற இரண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அதைத் துருவினார்கள். ஆர்கான் அகப்பட்டது. 1904-ல் ராலேக்குப் பௌதிகத்திலும், ராம்சேக்கு ரசாயனத்திலும் நோபல் பரிசு கிடைத்தது.

சோம்பேறி என்று பெயர் வைத்தார்களே தவிர, மனிதர்கள் அதைச் சும்மா விடவில்லை. பழைய டியூப் லைட்டுக்குள் ஆர்கானை அடைத்தார்கள். பட்டறைகளில் "ஆர்கான் வெல்டிங்" என்று பலகை தொங்குகிறதே, அங்கே பற்ற வைக்கும் இடத்தைக் காற்றுப் படாமல் காப்பது இந்த ஆர்கான்தான். எவர்சில்வர் தொட்டி செய்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இப்போது அந்தச் சோம்பேறிக்கு விஞ்ஞானிகள் இன்னொரு வேலை கொடுத்திருக்கிறார்கள்.

யாரும் பிடிக்க முடியாத ஒரு கள்ளனைப் பிடிக்கும் வேலை!

யார் அந்தக் கள்ளன்?

நியூட்ரினோ என்பது அவன் பெயர். அணுவைவிட மிக மிகச் சிறிய துகள். சூரியனிலிருந்து வருகிறது. வெடிக்கும் நட்சத்திரங்களிலிருந்து வருகிறது. நம் விரல் நகத்தின் மேல் மட்டும், சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் விநாடிக்குச் சுமார் 6,500 கோடி பாய்கின்றன. நகத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. நகத்தைத் தாண்டி, கையைத் தாண்டி, பூமியையே துளைத்து அந்தப் பக்கம் போய்விடுகின்றன. இரவிலும் அப்படித்தான். அப்போது காலுக்கு அடியிலிருந்து மேலே வருகின்றன!

கோடானுகோடியில் ஒன்று, என்றோ ஒரு நாள், ஏதோ ஓர் அணுவின் மேல் மோதும். அந்த ஒரு மோதலைப் பார்த்துவிட வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடும்.

மோதல் நடக்க நிறையப் பொருள் வேண்டும். அந்தப் பொருள் கண்ணாடி போலத் தெளிவாகவும் இருக்க வேண்டும். ஆர்கான் வாயுவை மைனஸ் 186 டிகிரிக்குக் குளிர வைத்தால் அது தண்ணீர் போலத் திரவம் ஆகிறது, தண்ணீரைவிட 1.4 மடங்கு கனம். அதைப் பெரிய தொட்டியில் நிரப்பி வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

நியூட்ரினோ ஓர் ஆர்கான் அணுவின் மேல் மோதியதும், அங்கிருந்து மின்சாரம் ஏறிய துகள்கள் சிதறி ஓடுகின்றன. ஓடும் வழியில் உள்ள அணுக்களை இடித்துத் தள்ளுகின்றன. இடி வாங்கிய ஆர்கான் அணு, சோம்பலை விட்டு எழுந்து, பக்கத்து அணுவின் கையைப் பிடித்துக் கொள்கிறது. இந்த உறவு கண நேரம்தான். கையை விடும்போது ஒரு பொறி ஒளி கிளம்புகிறது.

இதை ஆங்கிலத்தில் "சின்டிலேஷன்" என்கிறார்கள். நாம் "மினுக்கு" என்று சொல்லலாமே!

துகள் ஒரு சென்டிமீட்டர் ஓடினால் பல்லாயிரம் பொறிகள் கிளம்பும். இதில் ஒரு விசேஷம் உண்டு. அந்த ஒளியை வெளியே விட்டவை, ஜோடி சேர்ந்த அணுக்கள். தனியாக இருக்கும் ஆர்கான் அணு அந்த ஒளியை விழுங்காது. ஆகையால் எத்தனை அடி ஆழத்தில் மினுக்கினாலும் ஒளி தொட்டியின் ஓரம் வரை வந்து சேருகிறது.

மின்னலும் இடியும்

ஒளி எதற்கு? மோதியதற்கு வேறு அடையாளம் கிடையாதா?

உண்டு. துகள் ஓடிய பாதையில் அணுக்களிலிருந்து பிய்ந்த எலெக்ட்ரான்கள் கிடக்கும். தொட்டிக்குள் மின்சார அழுத்தம் கொடுத்தால் அவை ஒரு பக்கமாக நகர்ந்து வந்து, துகள் ஓடிய பாதையை அப்படியே படம் போலக் காட்டிவிடும். ஆனால் அவை நடந்து வருகின்றன. மூன்றரை மீட்டர் தூரம் வருவதற்கு ஒரு விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. நமக்கு அது ஒரு நேரமே அல்ல. விஞ்ஞானிக்கு அது ஒரு யுகம்!

மழைக் காலத்தில் நம் வீட்டுப் பாட்டிமார் செய்வதை நினைத்துக் கொள்ளுங்கள். மின்னல் அடித்ததும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். இடி கேட்கும். "இடி தூரத்தில்தான் விழுந்திருக்கிறது, பயப்படாதே" என்பார்கள். மின்னல் உடனே தெரிகிறது. இடிச் சத்தம் மெதுவாக வருகிறது. இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு தூரத்தைச் சொல்லிவிடுகிறார்கள்.

ஆர்கான் தொட்டியில் நடப்பதும் இதுவே. மினுக்குத்தான் மின்னல். எலெக்ட்ரான்தான் இடி. மினுக்கு வந்த நேரத்தைக் குறித்துக் கொண்டால், எலெக்ட்ரான் எவ்வளவு தூரம் நடந்து வந்தது என்று கணக்குப் போடலாம். மோதல் தொட்டியில் எந்த இடத்தில் நடந்தது என்று அப்போதுதான் தெரியும். மின்னலைப் பார்க்காமல் இடியை மட்டும் கேட்டவனுக்குத் தூரம் தெரியுமா?

மினுக்கு எவ்வளவு நேரம் இருக்கும் என்கிறீர்கள்? அதில் இரண்டு பகுதி. ஒரு விநாடியை நூறு கோடி பங்காக்கினால், முதல் பகுதி ஆறு பங்கு நேரம். இரண்டாவது பகுதி சற்று நிதானம். ஆயிரத்து ஐந்நூறு பங்கு நேரம்!

கண்ணுக்குத் தெரியாத ஒளி

இங்கேதான் சங்கடம். அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது.

கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஊதாதான் கடைசி. அதன் அலை நீளம் சுமார் 400 நானோ மீட்டர். ஆர்கான் விடும் ஒளி 128 நானோ மீட்டர்! சாதாரணக் கண்ணாடியே அதை நிறுத்திவிடும்.

இதற்கு வழி என்ன? பழைய டியூப் லைட்டிலேயே வழி இருக்கிறது. அந்தக் குழாய்க்குள் பாதரச ஆவி விடுவதும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளிதான். குழாயின் உட்புறம் வெள்ளையாக ஒரு பூச்சு இருக்கிறதே, அது அந்த ஒளியை வாங்கிக் கொண்டு, வீட்டுக்கு வெளிச்சமாகத் திருப்பித் தருகிறது. ஆர்கான் தொட்டியின் ஓரத்திலும் அதே மாதிரிப் பூச்சு உண்டு. சரக்கு வேறு, தந்திரம் ஒன்று. பூச்சின் மேல் படும் ஒளி நீலமாக மாறுகிறது. நீலத்தைப் பார்க்கும் கருவிகள் ஏற்கனவே இருக்கின்றன.

பிரேசில் நாட்டு விஞ்ஞானிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மீன் பிடிக்கும் பறியைப் பார்த்திருப்பீர்கள். வாய் வழியாக உள்ளே போன மீன் திரும்பி வர முடியாது. அது போல ஒளிக்கு ஒரு பறி செய்தார்கள். வாசலில் ஒரு வடிகட்டி. ஒரு நிறத்தில் வரும் ஒளியை அது உள்ளே விடும். உள்ளே போனதும் ஒளியின் நிறம் மாறிவிடும். மாறிய நிறத்தை வடிகட்டி வெளியே விடாது! அகப்பட்ட ஒளி சுவருக்குச் சுவர் மோதிக் கடைசியில் கருவியின் மேல் விழுகிறது. அதற்கு "அரபூகா" என்று பெயர் வைத்தார்கள். பிரேசில் பழங்குடிகள் பறவை பிடிக்கும் பொறியின் பெயர் அது. தங்கள் நாட்டுச் சொல்லை உலக விஞ்ஞானத்தில் ஏற்றிவிட்டார்கள். நமக்குப் பொறாமையாக இருக்கிறது!

ஒளியைக் கடைசியாகப் பார்ப்பது சிலிக்கான் சில்லு. விரல் நகத்தைவிடச் சிறியது. அந்தக் கடுங்குளிரிலும் விழித்திருந்து, ஒற்றை ஒளித் துளி விழுந்தாலும் சொல்லிவிடும்.

நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இந்த வேலையை மனிதக் கண்தான் செய்தது. ரூதர்போர்டின் ஆராய்ச்சிக் கூடத்தில், இளம் விஞ்ஞானிகள் அரை மணி நேரம் இருட்டறையில் உட்கார்ந்து கண்ணைப் பழக்குவார்கள். பிறகு நாகக் கந்தகத் திரையின் மேல் விழும் மினுக்குகளை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். அணுவுக்கு நடுவில் கரு இருக்கிறது என்ற சேதி, அப்படி எண்ணி எண்ணிக் கண் வலித்தவர்களால் கிடைத்ததுதான்.

மேகம் வந்தால்?

ஆர்கானில் அழுக்குச் சேரக் கூடாது. பத்து லட்சத்தில் சில பங்கு நைட்ரஜன் கலந்தாலும் மினுக்கு மங்கிவிடும். ஆக்சிஜன் கலந்தால் எலெக்ட்ரான்களை விழுங்கிவிடும். இத்தனைக்கும் ஆர்கானை எடுப்பது காற்றிலிருந்து. காற்றில் நிறைந்து கிடப்பதோ அந்த இரண்டும்தான்! ஆகவே ஆர்கானை வடிகட்டிக் கொண்டே இருக்க வேண்டும். எல்லாம் தயாராக இருந்தும் மேகம் மறைத்தால் என்ன கதி?

அதை நம் புதுவை ஒரு முறை கண்ணாரக் கண்டிருக்கிறது.

1760-ல் லெ ழாந்தீ என்ற பிரெஞ்சு வான சாஸ்திரி புதுவைக்குக் கப்பல் ஏறினார். 1761 ஜூன் 6-ந் தேதி சுக்கிரன் சூரியனைக் கடந்து போகும் காட்சியை இங்கிருந்து பார்ப்பது அவர் திட்டம். சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அதைக் கொண்டு கணக்கிடலாம். அவர் வந்து சேருவதற்கு முன்பே இங்கிலீஷ்காரர்கள் புதுவையைப் பிடித்துவிட்டார்கள். கப்பல் திரும்பியது. அந்த நாள் வந்தபோது அவர் நடுக் கடலில் இருந்தார். சுக்கிரனைப் பார்த்தார். ஆடும் கப்பலில் அளவு எடுக்க முடியவில்லை.

வேறு யாராக இருந்தாலும் ஊருக்குப் போயிருப்பார்கள். அவர் போகவில்லை. அடுத்த கடப்பு 1769-ல். எட்டு ஆண்டுகள் காத்திருந்தார்! அதற்குள் புதுவை மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்துவிட்டது. 1768-ல் இங்கே வந்து, இடிந்து கிடந்த கவர்னர் மாளிகையின் மேல் ஒரு வான்நோக்குக் கூடம் கட்டினார். பழைய பகைவர்களான சென்னை இங்கிலீஷ்காரர்களே அவருக்கு ஒரு தொலைநோக்கியைக் கடனாகக் கொடுத்தார்கள். நம் ஊர்க் கணிதர்கள் சோழிகளை வைத்துக் கிரகணம் கணிக்கும் முறையையும் இங்கே இருந்தபோது அவர் கேட்டு எழுதிக் கொண்டார்.

1769 மே மாதம் முழுவதும் காலை வானம் தெளிவாக இருந்தது. ஜூன் 4-ந் தேதி விடியற்காலை வந்தது. மேகம் மூடிக் கொண்டது. சுக்கிரன் சூரியனைக் கடந்து முடிகிற வரையில் விலகவே இல்லை. முடிந்த பிறகு சூரியன் பளிச்சென்று வெளியே வந்தது!

1771-ல் பாரிசுக்குத் திரும்பினார். அங்கே அவர் செத்துப் போனதாகவே தீர்மானித்து, விஞ்ஞானக் கழகத்தில் அவர் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சொந்தக்காரர்கள் சொத்தைப் பங்கு போட முனைந்திருந்தார்கள்.

மேகம் இல்லாத இடத்தைத் தேட வேண்டும் என்பது வான சாஸ்திரிகளுக்கு விதி. நியூட்ரினோக்காரர்களுக்கு வேறு விதி. அவர்களுக்கு வானமே இடைஞ்சல்! ஆகாயத்திலிருந்து மியூயான் என்ற துகள்கள் மழை போல இடைவிடாமல் பொழிகின்றன. அவையும் மினுக்கை உண்டாக்கும். சந்தைக் கூச்சலில் ஒருவர் முணுமுணுப்பது கேட்குமா? அதனால் பூமிக்கு அடியில் போகிறார்கள். மேலே உள்ள பாறை மியூயான்களைத் தடுக்கும். நியூட்ரினோவைத் தடுக்காது.

இரண்டு தங்கச் சுரங்கங்கள்

இந்த வேலையில் இந்தியா பின்தங்கிய நாடு அல்ல. இதை எத்தனை பேர் அறிவார்கள்?

வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் பிழைப்புக்காகப் போன இடம் கோலார் தங்க வயல். அந்தச் சுரங்கத்தின் ஆழத்தில், 1960-களின் தொடக்கத்தில் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் கருவி வைத்துப் பார்த்தார்கள். ஆழம் கூடக் கூட மியூயான்கள் குறைந்தன. மிக ஆழமான இடத்தில் மாதக் கணக்கில் வைத்தும் ஒன்றுகூட வரவில்லை. அப்படிப்பட்ட அமைதி!

அந்த அமைதியில், சுமார் 7,600 அடி ஆழத்தில், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து ஒரு கருவியை நிறுத்தினார்கள். அதில் ஆர்கான் இல்லை. துகள் பாய்ந்தால் மினுக்கும் பிளாஸ்டிக் பலகைகளும், நியான் குழாய்களும் இருந்தன. தத்துவம் ஒன்றே. மோதல், மினுக்கு, அதைப் பார்க்கும் கண். 1965-ல், வானத்துக் கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கும் நியூட்ரினோவின் அடையாளம் அங்கே கிடைத்தது. அதே ஆண்டில் தென் ஆப்பிரிக்காவில் ஒரு தங்கச் சுரங்கத்திலும் கிடைத்தது. உலகத்தில் அதற்கு முன் யாரும் அதைக் கண்டதில்லை!

2001-ல் கோலார் சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் குறைந்தது, செலவு கூடியது. ஆராய்ச்சி அதற்கு முன்பே நின்றுவிட்டது. தண்ணீர் ஏறியது.

கிட்டத்தட்ட அதே காலத்தில் அமெரிக்காவில், தெற்கு டக்கோட்டா மாநிலத்தில், ஹோம்ஸ்டேக் என்ற தங்கச் சுரங்கமும் மூடப்பட்டது. அதற்குள்ளும் நியூட்ரினோ ஆராய்ச்சி நடந்திருந்தது. ரேமண்ட் டேவிஸ் என்பவர், துணி வெளுக்கும் திரவத்தைத் தொட்டி நிறைய ஊற்றி வைத்து, சூரியனின் நியூட்ரினோக்களை எண்ணினார். 2002-ல் நோபல் பரிசு வாங்கினார். அந்தச் சுரங்கத்திலும் தண்ணீர் ஏறியது.

ஆனால் அங்கே தண்ணீரை இறைத்து வெளியேற்றினார்கள். சுரங்கத்தை ஆராய்ச்சிக் கூடம் ஆக்கினார்கள். இன்று அதன் 4,850 அடி ஆழத்தில் பெரிய குகைகள் வெட்டி முடித்திருக்கிறார்கள். அதற்காகச் சுமார் 8 லட்சம் டன் பாறையைப் பெயர்த்தார்கள். 2024-ல் வெட்டும் வேலை முடிந்தது. இந்த ஏற்பாட்டுக்கு "டியூன்" என்று பெயர். ஒவ்வொன்றும் சுமார் 17,000 டன் திரவ ஆர்கான் கொள்ளும் நான்கு தொட்டிகள் வைப்பது திட்டம். இரண்டை முதலில் வைக்கிறார்கள். 800 மைல் தொலைவில் சிகாகோ நகரத்துக்கு அருகே உள்ள பெர்மி ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து நியூட்ரினோக்களை மண்ணுக்குள்ளேயே அனுப்பி, இங்கே பிடிக்கப் போகிறார்கள். போகிற வழியில் அவை வேஷம் மாறுகின்றன. அந்த வேஷத்தை ஆராய்ந்தால், உலகத்தில் பொருள் என்று ஒன்று எப்படி மிஞ்சியது என்பதற்குத் துப்புக் கிடைக்கலாம்.

வானத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தால் அதையும் இந்தத் தொட்டி காணும். 1987-ல் அப்படி ஒன்று வெடித்தபோது, உலகத்துக் கருவிகள் எல்லாம் சேர்ந்து பிடித்த நியூட்ரினோக்கள் இருபத்தைந்துக்கு மேல் இல்லை.

இதில் இந்தியாவும் இருக்கிறது. 2018 ஏப்ரலில் இரு நாட்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் செய்து கொண்டன. நியூட்ரினோவை உண்டாக்கும் பெர்மி யந்திரத்துக்கு நம் அணுசக்தித் துறைக் கூடங்கள் பாகங்கள் செய்து கொடுக்கின்றன. சந்தோஷம்தான். ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு முன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த நாம், இன்று வேறொருவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் கட்டப் போகிறோம். ஒரு தங்கச் சுரங்கத்தை இறைத்தார்கள், ஒன்றை இறைக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவே. கோலாரின் ஒரு மூலையையாவது காப்பாற்றி வைத்திருக்கலாம் என்பது நம் எண்ணம்.

தேனியில் நடந்தது

இழந்ததை மீட்கத்தான் தேனி மாவட்டத்தில், பொட்டிபுரம் மலைக்குள் குகை குடைந்து, 50,000 டன்னுக்கு மேல் இரும்பு அடுக்கி, நியூட்ரினோவைப் பிடிக்கத் திட்டமிட்டார்கள். 2015 ஜனவரியில் மத்திய மந்திரி சபை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு அனுமதி கொடுத்தது. எதிர்ப்பு எழுந்தது. வழக்குகள் வந்தன. 2022 பிப்ரவரியில் தமிழக அரசாங்கம், "இது புலிகள் நடமாடும் வழி, மலைத் தொடர் கெடும்" என்று சுப்ரீம் கோர்ட்டில் ஆட்சேபித்தது.

மலையைப் பற்றிய கேள்வி நியாயமான கேள்வி. வெடி வைத்தால் என்ன ஆகும், லட்சக் கணக்கான டன் கல்லை எங்கே கொட்டுவது, தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்று கேட்கும் உரிமை அந்த ஊர் விவசாயிக்கு உண்டு. பதில் சொல்லும் கடமை விஞ்ஞானிக்கு உண்டு.

ஆனால் ஊரில் பரவியது இந்தக் கேள்விகள் மட்டும் அல்ல. நியூட்ரினோவே விஷம் என்றார்கள். கதிர் வீசும் என்றார்கள். அணுக் கழிவைக் கொட்டப் போகிறார்கள் என்றார்கள். நகத்தின் மேல் விநாடிக்கு 6,500 கோடி பாய்கிற ஒன்றைக் கண்டு, பாவம், ஜனங்கள் பயந்தார்கள்! தவறு அவர்கள் பேரில் இல்லை. விஷயம் முதலில் இங்கிலீஷ் காகிதங்களில் இருந்தது. தமிழில் முந்தி வந்தது வதந்தி. விளக்கம் அதன் பின்னால் ஓடி வந்தது. பின்னால் வருகிற விளக்கத்தை யார் நம்புவார்கள்?

மதுரையில் இதற்காக 85 டன் எடையில் ஒரு சிறிய மாதிரிக் கருவி 2018-லிருந்து இயங்குகிறது. அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் பலகைகளை அடுக்கி, மேலிருந்து வரும் மியூயானை அதன் மினுக்கைக் கொண்டே கண்டுபிடித்து ஒதுக்கும் ஏற்பாட்டிலும் இறங்கியிருக்கிறார்கள். சிலிக்கான் கண்தான் அங்கேயும்! கோலாரின் மினுக்கு அங்கே கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளையும், அவர்களுடைய தாய் தகப்பன்மாரையும் கூட்டி வந்து அதைக் காட்ட வேண்டும். தேனி ஜனங்களை முதலில் கூப்பிட வேண்டும். வருகிறவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். மலை குடைவதா வேண்டாமா என்பது பிறகு முடிவாகட்டும்.

பயப்பட வேண்டியது எதற்கு?

நியூட்ரினோ யாரையும் கொல்லாது. ஆனால் இந்தக் கதையில் கொல்லக் கூடியது ஒன்று இருக்கிறது. அந்தச் சோம்பேறி ஆர்கான்தான்!

விஷம் இல்லாத வாயு எப்படிக் கொல்லும்? இடத்தைப் பிடித்துக் கொண்டு கொல்லும். ஒரு லிட்டர் திரவ ஆர்கான் ஆவியானால் 800 லிட்டருக்கு மேல் வாயு ஆகிறது. அது காற்றைவிடக் கனம். பள்ளத்திலும் தொட்டியிலும் அடியில் போய் நிற்கும். ஆக்சிஜனைத் தள்ளிவிடும். மணம் இல்லை, இருமல் வராது, மூச்சுத் திணறுவதுகூடத் தெரியாது. சில மூச்சில் மயக்கம். பிறகு உயிர் போகும். இதனால்தான் ஆர்கான் வைத்திருக்கும் ஆராய்ச்சிக் கூடங்களில் ஆக்சிஜன் அளக்கும் கருவி இல்லாமல் கீழே இறங்க விடுவதில்லை. அளவு குறைந்தால் கருவி அலறும்.

அதே ஆர்கான் சிலிண்டரில் அடைத்து மேட்டுப்பாளையத்துக்கும், தட்டாஞ்சாவடிக்கும், சேதராப்பட்டுக்கும் வருகிறது. எவர்சில்வர் தொட்டிக்குள் இறங்கி வெல்டிங் செய்கிற பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்லியிருக்கிறார்களா? சிலிண்டரின் மேல் தமிழில் எழுதியிருக்கிறதா? எழுத வைக்க வேண்டியது தொழிலாளர் இலாகாவின் வேலை. அதுவரை பட்டறை முதலாளிகளே சொல்லலாம்.

ஆர்கான் விட்ட தொட்டிக்குள் காற்று ஊதாமல் இறங்கக் கூடாது. வேலை முடிந்தால், சாப்பிடப் போனாலும் சரி, குழாயை வெளியே எடுத்துச் சிலிண்டரை மூடிவிட வேண்டும். தொட்டியின் வாசலில் ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் இடுப்பில் கயிறு இருக்க வேண்டும். அவர் மயங்கி விழுந்தால், நிற்பவர் பதறிப் போய் உள்ளே குதிக்கக் கூடாது; குதித்தால் இரண்டு பேரும் போவார்கள். வெளியே நின்றபடி கயிற்றை இழுக்க வேண்டும். காற்றை ஊத வேண்டும். உரக்கக் கூவி ஆள் சேர்க்க வேண்டும்.